தோட்டா இல்லாத துப்பாக்கின்னு ஒன்னு கிடையாது

எங்க வேலூரைப் பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு அடுக்கிக்கினே போவாங்க. ஜலகண்டேஸ்வரர் 1981லயே கோட்டைக்குள்ள திரும்பி வந்துட்டாரு, ஆனா கிண்டல் மட்டும் ஊரை விட்டுப் போகல. அந்த லிஸ்ட்ல சேர்க்கவே முடியாத ஒன்னு இருக்குதுன்னு போன வருஷம்தான் எனக்குத் தெரிஞ்சுது: தோட்டா இல்லாத துப்பாக்கி.

குடியாத்தம் பக்கத்துல எங்க நிலம். தாத்தாகிட்ட 12 போர் டபுள் பேரல், அதாவது ரெண்டு குழல் துப்பாக்கி ஒன்னு ரொம்ப வருஷமா இருக்குது. அவருக்கு 70 தாண்டிடுச்சு, 2016 ஆயுத விதிகள்ல அந்த வயசுக்கு மேல வாரிசு பேருக்கு மாத்திக்க வழி இருக்குது, சரி சித்தப்பா பேருக்கு மாத்திடலாம்னு கிளம்புனா, புதுசா லைசென்ஸ் கேக்குறவங்க துப்பாக்கிய பத்திரமா கையாளுற பயிற்சி முடிச்ச சர்டிஃபிகேட்டும் வைக்கணும்னு அதே விதிகள் சொல்லுது. சொல்லிக்கொடுத்தவர் கம்மவான்பேட்டைக்காரர், ரிட்டயர்டு ஹவில்தார். அந்த ஊர்ல வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருந்திருப்பாங்கன்னு எங்க ஜில்லாவுல எல்லாருக்கும் தெரியும். துப்பாக்கி தாத்தா லைசென்ஸ்ல இருக்குறதால அவரேதான் எடுத்துக்கினு வந்தாரு, வழியெல்லாம் "நாப்பது வருஷமா வெச்சிருக்கேன், எனக்கே கிளாஸா"ன்னு முணுமுணுத்துக்கினே.

போனதும் ஹவில்தார் துப்பாக்கியத் தொடவே இல்ல. கண்ணாடி தொடைக்கிற ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி ஊத்தி சித்தப்பா கையில குடுத்தாரு. "விரலை ட்ரிகர்ல வைங்க சார், அமுக்காதீங்க, சும்மா புடிச்சிக்கினு நில்லுங்க." ஊர்க்கதை பேசிக்கினே பின்னாடி போனவரு, ஒரு தகரத் தட்டைக் கீழ போட்டாரு. டமார்! சித்தப்பா குலுங்குன குலுங்குல தண்ணி பீச்சி என் சட்டை நனைஞ்சுது. "அமுக்குனீங்களா?" "இல்லியே!" அவர் பொய் சொல்லல, அவரா அமுக்கவும் இல்ல. திடீர்னு சத்தம் கேட்டா மூளை யோசிக்கிறதுக்குள்ள உடம்பு சுருங்கிடும், கை விரலும் சேர்ந்து மடங்கும். கால் வழுக்கி தடுமாறும்போதும் அப்படித்தான், எதையாவது புடிக்கப் பார்க்கிற கை கெட்டியா மூடிக்கும். இன்னொன்னு இதைவிட மோசம், இடது கையால எதையாவது இறுக்கிப் புடிச்சா வலது கையும் தன்னால கொஞ்சம் இறுகும். இந்த மூணையும் ரோஜர் எனோகாங்கிற அமெரிக்க உடலியல் ஆராய்ச்சியாளர், தெரியாம வெடிக்கிற துப்பாக்கிகளுக்குக் காரணமா எழுதியிருக்காரு. 12 போர் ட்ரிகருக்குத் தேவை சுமார் 2 கிலோ அழுத்தம்தான், பயந்துபோன விரலுக்கு அது ஒன்னுமே இல்ல. சுடப்போற நொடி வரைக்கும் விரலை ட்ரிகர் வளையத்துக்கு வெளிய நீட்டி வைன்னு சொல்றது அதனாலதான், ஸ்டைலுக்கு இல்ல.

"சேஃப்டி பூட்டு போட்டிருந்தா?"ன்னு கேட்டேன். ஹவில்தார் சிரிச்சாரு. டபுள் பேரலை மடக்கித் திறக்கும்போது உள்ள ரெண்டு சுத்தியல் ஸ்ப்ரிங்கை இழுத்துக்கினு பின்னாடி போய் ஒரு சின்ன கொக்கியில மாட்டி நிக்கும், நம்ம வீட்டுத் தாழ்ப்பாள் மாதிரி, ஆனா கவ்வுற இடம் நக நுனி அளவுதான். ட்ரிகர் அந்தக் கொக்கியத் தள்ளிவிடும், சுத்தியல் பாயும், ஊசி தோட்டா அடியில இருக்குற பிரைமரைக் குத்தும், அதுல கெளம்புற பொறியில வெடிமருந்து பத்திக்கும். இந்த மாடல் துப்பாக்கி பெரும்பாலானதுல சேஃப்டி ட்ரிகரை மட்டும்தான் பூட்டும், கொக்கியப் பூட்டாது. கொக்கி தேஞ்சு போயிருந்து துப்பாக்கி கீழ விழுந்தா, அந்த அதிர்ச்சியிலேயே கழண்டு வெடிச்சிடலாம், சேஃப்டி போட்டது போட்டபடி இருக்கும். அதனால டபுள் பேரலுக்கு நம்பகமான நிலை ஒன்னுதான், ரெண்டா மடக்கி, உள்ள காலியா இருக்குறது நாலு பேர் கண்ணுக்கும் தெரியுற மாதிரி தூக்கிக்கினு போறது.

அப்பதான் தாத்தாவோட துப்பாக்கியத் திறந்தாங்க. தோட்டா இல்ல, ஆனா வானத்தைப் பார்த்துப் புடிச்சா வலது குழல்ல வட்டமா வெளிச்சம், இடது குழல்ல இருட்டு. குச்சி விட்டுத் தள்ளுனா மண்ணு உதிருது. குளவி கூடு கட்டியிருக்கு! கூடத்துல ஆணியில மாட்டியே வெச்சிருந்தா அது சும்மா இருக்குமா. தாத்தா அப்புறம் கிளாஸ் முடியுற வரைக்கும் வாயே திறக்கல.

ஒரு கைப்பிடி மண்ணு கூட இல்லியே, அதுக்கு ஏன் இவ்ளோ பயம்னு தோணும். 12 போர்ல மருந்து எரியும்போது உள்ள வர்ற அழுத்தம் கார் டயர்ல இருக்குறதை விட சுமார் 300 மடங்கு. தோட்டாவுல இருந்து கிளம்புற ரவை, அதாவது சின்னச் சின்ன குண்டுங்க, முன்னாடி ஓட ஓட எரிஞ்ச வாயுவுக்கு இடம் கிடைச்சு அழுத்தம் குறையும், குழல் அதை நம்பித்தான் வாய்ப் பக்கம் போகப்போக மெலிசா செஞ்சிருக்கு. நடுவுல அடைப்பு இருந்தா ரவை போய் அதுல முட்டும், அந்த இடத்துல அழுத்தம் சட்டுனு ஏறும், குழல் உப்பும், இல்ல கிழியும். இடது கை புடிச்சிருக்குற இடம் அதுக்குப் பக்கத்துலதான். தப்பா 20 போர் தோட்டாவ 12 போர்ல போட்டாலும் இதே கதி, அது சின்னது, வழுக்கிக்கினு உள்ள போய் நிக்கும், காலின்னு நெனச்சு பின்னாடியே ஒரு 12 போட்டா முடிஞ்சுது. 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் கலர் குடுத்திருக்குறது இதுக்குத்தான். (12ங்கிற நம்பர் எங்கிருந்து வந்துதுன்னா, ஒரு பவுண்டு ஈயத்தை 12 உருண்டையா உருட்டுனா ஒரு உருண்டை அந்தக் குழலுக்குச் சரியா இருக்கும், சுமார் 18.5 மில்லிமீட்டர். நம்பர் கூடுனா குழல் சின்னதாகுறது அதனாலதான்.)

கூட வந்திருந்த இன்னொருத்தர் .32 பிஸ்டலுக்காக வந்தவரு, வியாபாரி. அவருக்கு வெடிக்காத டம்மி தோட்டா போட்டுக் குடுத்து காலி பண்ணச் சொன்னாங்க. பிஸ்டல் மேல முன்னும் பின்னும் நகர்ற ஸ்லைடை இழுத்தாரு, ஒரு டம்மி வெளிய குதிச்சுது, அப்புறம் தோட்டா அடுக்கி வெச்சிருக்குற மேகசினை உருவி மேசை மேல வெச்சுட்டு "காலி சார்"னாரு. ஹவில்தார் ஸ்லைடை மறுபடி இழுத்தாரு, இன்னொன்னு குதிச்சுது. ஸ்லைடு பின்னாடி போய் திரும்பி வரும்போது மேகசின் மேல இருக்குற அடுத்த தோட்டாவ சேம்பருக்குள்ள, அதான் சுடுறதுக்குத் தோட்டா நிக்கிற இடத்துக்குள்ள, தள்ளிக்கினு போகும், அதோட வேலையே அதுதான். அதனால மொதல்ல மேகசின், அப்புறம் ஸ்லைடு. வரிசைய மாத்துனா கையில மேகசின் இருக்குற தைரியத்துல உள்ள ஒரு தோட்டாவோட சுத்துவோம். ஸ்லைடை இழுத்துப் புடிச்சு சேம்பரைக் கண்ணால பார்த்து, விரல் நுனிய விட்டும் தடவணும், இருட்டுல கண்ணு ஏமாத்தும்.

ஜெஃப் கூப்பர்னு ஒரு அமெரிக்க முன்னாள் மரைன் அதிகாரி எல்லாத் துப்பாக்கியிலயும் எப்பவும் தோட்டா இருக்குதுன்னே வெச்சிக்கோன்னாரு. எனக்கு அது மொதல்ல பூச்சாண்டி மாதிரிதான் பட்டுது. அந்த ரெண்டாவது டம்மி மேசையில உருண்டதைப் பார்த்தப்புறம் அப்படிப் படல.

ட்ரிகர் அமுக்கியும் வெடிக்கலன்னா உடனே திறக்கக் கூடாது, நமுத்துப்போன தோட்டா லேட்டா வெடிக்கலாம், குழலை அதே பக்கம் வெச்சிக்கினு 30 செகண்ட் நிக்கணும். காதுக்கு மஃப் போட்டே ஆகணும், தீபாவளி வெடிக்கு நம்ம சட்டம் வெச்சிருக்குற அளவு 4 மீட்டர் தூரத்துல 125 டெசிபல், 12 போர் 150ஐத் தாண்டும், 140க்கு மேல ஒரே சத்தத்துலயே காது கெட்டுப்போகலாம். அப்புறம் தூரம். பொடிசா இருக்குற ஆறாம் நம்பர் ரவை 200 மீட்டர் சொச்சம் போகும், எல்ஜிங்கிற பெரிய ரவை 700 மீட்டர் வரைக்கும் போகலாம், சின்னப் பசங்க பழகுற .22 ரைஃபிள் குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரைக்கும் போகலாம். எங்க ஊர்ல திரும்புன பக்கமெல்லாம் மொட்டைப் பாறை, பாறையில சாய்வா பட்ட குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, மண்மேடுதான் குண்டை முழுங்கும். கல்யாணத்துல வானத்தைப் பார்த்து சுடுறவங்களுக்கு 2019 திருத்தத்துல 2 வருஷம் வரை ஜெயில் இல்ல 1 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டுமேன்னு போட்டுட்டாங்க, மேல போனது எங்கயாவது இறங்கித்தானே ஆகணும். காட்டுப்பன்னி வெள்ளாமைய அழிக்குதுன்னு லைசென்ஸ் இருக்குற தைரியத்துல சுடவும் முடியாது, அதுக்கு வனத்துறை அனுமதி தனி.

இப்ப துப்பாக்கி ஆணியில இல்ல, இரும்புப் பெட்டியில பூட்டு போட்டு இருக்குது, தோட்டா வேற அறையில வேற பூட்டுல. லைசென்ஸ் சித்தப்பா பேருக்கு வந்துடுச்சு, 5 வருஷத்துக்கு. தேர்தல் வந்தா பெரும்பாலும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்வாங்கல்ல, அப்படி ஒப்படைக்கப் போனப்ப நானும் கூடப் போனேன், தாத்தாவும் வந்தாரு. மேசையில இருந்த ஏட்டு ரெஜிஸ்டர்ல எழுதிக்கினே தலையத் தூக்காம "காலிதானே?"ன்னாரு. சித்தப்பா "ஆமா"ன்னு சொல்ல வாயெடுத்தாரு. தாத்தா அவர் கையத் தட்டிவிட்டு, "இன்னாத்துக்கு வாயால சொல்ற, மடக்கிக் காட்டுடா"ன்னாரு. ரெண்டு குழல் வழியாவும் ஸ்டேஷன் வாசல் வெயில் தெரிஞ்சுது, ஏட்டு குனிஞ்சு பார்த்துட்டு, விரலையும் ஒருவாட்டி உள்ள விட்டுப் பார்த்தாரு.