லேசர் அறைக்குள் ரோபோ: பன்னிரண்டாம் நொடிக்காக ஒரு காத்திருப்பு

ஏழு கட்டம் நீளமுள்ள ஒரு குறுகிய நடைவழி. முதல் கட்டத்தில் ரோபோ நிற்கிறது, ஏழாவது கட்டத்தில் கதவு. நடுவே மூன்று லேசர்கள் குறுக்கே எரிவதும் அணைவதுமாக இருக்கின்றன. எரியும்போது பட்டால் ரோபோ கரிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சாகச விளையாட்டு ஆடிப் பழகியவர்களுக்கு இந்த அறை புதிதல்ல. கதாநாயகன் நுழைய முடியாத இடத்துக்கு ஒரு குட்டி ரோபோவை அனுப்பி, தூரத்தில் இருந்தபடியே கட்டளை கொடுத்துக் கடத்த வேண்டும். பட்டன்கள் மூன்றே மூன்று: முன்னே, பின்னே, நில்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற ஊரில் என்னிடம் டியூஷனுக்கு வரும் படிவம் இரண்டு பிள்ளைகளுக்கு இந்த மாதிரிப் புதிரைக் கட்டத்தாளில் வரைந்து கொடுப்பது என் வழக்கம். கணக்குப் பாடம் என்று சொன்னால் கொட்டாவி விடுகிற பையன்கள்கூட இதற்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வருவார்கள். "சார், சும்மா நிக்கிறதுக்கு எதுக்கு ஒரு பட்டன்? ஒண்ணும் அழுத்தலன்னா தானா நிக்கப் போவுது" என்று அவர்களில் ஒருவன் கேட்டான். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இந்தப் புதிர் முழுவதும் அந்தப் பட்டனைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

விதிகளைச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடிக்கு ஒரு கட்டளை. 0ஆம் நொடியில் ரோபோ 1ஆம் கட்டத்தில் இருக்கிறது. 3ஆம் கட்டத்தில் சிவப்பு லேசர்: ஒற்றைப்படை நொடிகளில் அணைந்திருக்கும், இரட்டைப்படையில் எரியும். 5ஆம் கட்டத்தில் பச்சை: 0, 3, 6, 9, 12 என்று மூன்றின் மடங்கு வரும் நொடியில் மட்டும் அணையும். 6ஆம் கட்டத்தில் நீலம்: 1, 5, 9, 13 என்று நான்கு நொடிக்கு ஒருமுறை அணையும். மற்றக் கட்டங்களில் எந்த ஆபத்தும் இல்லை.

பெரும்பாலானவர்கள் இதை எப்படி ஆடுவார்கள்? முன்னால் லேசர் எரிந்தால் நிற்பது, அணைந்தால் பாய்வது. அப்படியே ஒரு நிரல் எழுதி ரோபோவுக்குக் கொடுத்துப் பார்ப்போம். அடுத்த நொடியில் முன்கட்டம் அணைந்திருக்குமா என்பது மட்டும் அதற்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1ஆம் நொடியில் 2ஆம் கட்டம். 2ஆம் நொடியில் சிவப்பு எரிகிறது, ரோபோ நிற்கிறது. 3ஆம் நொடியில் சிவப்பைத் தாண்டுகிறது. 4ஆம் நொடியில் 4ஆம் கட்டம். 5ஆம் நொடியில் பச்சை எரிகிறது, மறுபடி நிற்கிறது. 6ஆம் நொடியில் பச்சை அணைகிறது, ரோபோ உற்சாகமாக 5ஆம் கட்டத்துக்குள் நுழைகிறது. 7ஆம் நொடியில் நீலம் எரிவதால் முன்னே போக வழியில்லை, பின்னே போகவோ நிரலில் எழுதவே இல்லை. சரி, நிற்போம் என்று நின்றால் அதே நொடியில் தலைக்கு மேல் பச்சை எரிகிறது. கதை முடிந்தது.

ரோபோ ஒரு விதியையும் மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு நொடியும் அது எடுத்த முடிவு அந்த நொடிக்குச் சரியானதே. ஒரு நொடி தூரம் மட்டுமே பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு இந்த அறையில் வேலை இல்லை.

இங்கேதான் கணினியியலாளர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். திரையில் தெரியும் அறையை அவர்கள் வரைபடமாக எடுத்துக்கொள்வதில்லை. ரோபோ எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதோடு, மணி என்ன ஆகிறது என்பதையும் சேர்த்து ஒரே தகவலாக்குகிறார்கள். '4ஆம் கட்டம், 5ஆம் நொடி' என்பது ஓர் இடம், '4ஆம் கட்டம், 6ஆம் நொடி' என்பது வேறோர் இடம். இதற்கு நிலை என்று பெயர். கட்டத்தாளில் குறுக்கே கட்ட எண்களையும் மேலிருந்து கீழே நொடிகளையும் எழுதி, லேசர் எரியும் சதுரங்களைக் கறுப்பாக்கிவிடுங்கள். லேசர்கள் இப்போது எரியவும் இல்லை, அணையவும் இல்லை. அவை அசையாத சுவர்களாகிவிட்டன. நகரும் ஆபத்துகள் நிறைந்த அறை, சாதாரணமான ஒரு சிக்குப்பாதையாக மாறிவிட்டது. அந்தத் தாளில் 'முன்னே' என்பது வலப்பக்கக் கீழ்ச் சதுரம், 'பின்னே' என்பது இடப்பக்கக் கீழ்ச் சதுரம், 'நில்' என்பது நேர் கீழே. மூன்றுமே நகர்வுகள். பையன் கேட்ட கேள்விக்குப் பதில் தாளிலேயே தெரியும்: அறைக்குள் நிற்கிற ரோபோ இந்த வரைபடத்தில் நிற்பதே கிடையாது.

தாள் எவ்வளவு நீளம் வேண்டும்? லேசர்கள் காலமெல்லாம் எரிந்து அணைந்துகொண்டிருக்குமே என்று தோன்றும். பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரு நிரையை ஒன்றுவிட்டு ஒரு நாளும், இன்னொரு நிரையை மூன்று நாளுக்கு ஒருமுறையும் பாலெடுக்க வெட்டினால், இரண்டுக்கும் ஒரே நாளில் வெட்டு விழுவது ஆறு நாளுக்கு ஒருமுறைதான். அதற்குப் பிறகு முதல் ஆறு நாளில் நடந்ததே அப்படியே திரும்ப நடக்கும். இன்று அந்த நிலங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன, ஆனால் தாத்தா பாட்டி பேச்சில் இந்தக் கணக்கைக் கேட்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். 2, 3 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 6. நீல லேசரின் 4ஐயும் சேர்த்தால் 12. ஆகவே பன்னிரண்டு வரிசை போதும், பதின்மூன்றாவது வரிசை முதல் வரிசையின் நகல்தான். ஏழு கட்டம், பன்னிரண்டு நொடி: மொத்தம் 84 நிலைகள். அவற்றில் சிவப்பு 6, பச்சை 8, நீலம் 9 என 23 சதுரங்களை லேசர்கள் கறுப்பாக்கிவிடும். மீதி 61. ஒரு பள்ளி மாணவன் பென்சிலால் முடித்துவிடக்கூடிய அளவு.

கணினி இதில் வழி தேடும் முறை மிக எளிமையானது. தொடங்கும் நிலையிலிருந்து ஒரே நகர்வில் போகக்கூடிய எல்லா நிலைகளையும் குறித்துக்கொள்ளும். பிறகு அவற்றிலிருந்து ஒரே நகர்வில் போகக்கூடியவை, அப்புறம் அவற்றிலிருந்து. ஏற்கெனவே குறித்ததை மறுபடி குறிக்காது. இப்படி வரிசையாகப் போனால் கதவை முதன்முதலில் தொடும் வழிதான் மிகக் குறுகிய வழி, அதைவிடக் குறுகியது இருக்கவே முடியாது. அகல்வாக்குத் தேடல் என்று இதைச் சொல்லலாம். சிக்குப்பாதைகளில் குறுகிய வழியைக் காண்பதற்காக இதை முறையாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் எட்வர்ட் மூர், 1950களின் இறுதியில்.

மனிதர்களுக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை. கதவிலிருந்து பின்னோக்கி வந்தால் மூன்றே வரியில் விடை கிடைக்கும். நீலக் கட்டத்தில் ரோபோ இருக்கக்கூடிய நொடிகள் 1, 5, 9, 13. அதற்கு ஒரு நொடி முன்னால் பச்சைக் கட்டத்தில் இருந்தாக வேண்டும், அதாவது 0, 4, 8, 12. பச்சையோ மூன்றின் மடங்கில்தான் அணையும். இந்த நான்கில் மூன்றின் மடங்கு 0, 12 இரண்டும்தான். 0ஆம் நொடியில் ரோபோ கிளம்பவே இல்லை. ஆகவே 12. அவ்வளவுதான் விடை. சிவப்பைத் தாண்ட ஒரு நொடி நிற்க வேண்டும். பிறகு 4ஆம் கட்டத்தில் ஏழு நொடி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 12ஆம் நொடியில் பச்சை, 13இல் நீலம், 14இல் கதவு. பதினான்கு கட்டளைகளில் எட்டு 'நில்'. அந்த ஏழு நொடிக்குள் பச்சை இரண்டு முறை அணைந்து 'வா வா' என்று கூப்பிடும். போகக் கூடாது. விளையாட்டில் தோற்பவர்கள் அநேகமாக அந்த இரண்டு அழைப்புகளில் ஒன்றுக்கு இணங்கிப் போனவர்கள்தான்.

பின்னோக்கி வருவது எப்போதுமே சுலபம் என்று சொல்ல மாட்டேன். இங்கே கடைசி இரண்டு லேசர் வாசல்களும் ஒட்டியிருப்பதால், கடினம் முழுவதும் கதவுப் பக்கமே குவிந்துவிட்டது. அதனால் வேலை செய்கிறது.

அறை பெரிதானால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு லேசரை அணைக்கும் சுவிட்ச் ஒன்று வைத்தால் நிலைகள் இரட்டிப்பாகும், ஏனென்றால் சுவிட்ச் போட்ட உலகம் ஒன்று, போடாத உலகம் ஒன்று. பத்து சுவிட்ச் என்றால் 1024 மடங்கு. ஒளிக்கற்றையை மறைக்கத் தள்ளிக்கொண்டு போகும்படி பெட்டிகள் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். பெட்டி தள்ளும் புதிர்களை எல்லா நேரத்திலும் சட்டென்று தீர்க்கும் குறுக்குவழி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று கணினியியலில் காட்டியிருக்கிறார்கள். அங்கே எல்லாப் பக்கமும் சமமாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அதற்கான வழி ஓர் உண்மையான ரோபோவிடமிருந்து வந்தது. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வுக் கழகத்தில் 1966இல் தொடங்கி உருவாக்கப்பட்ட ஷேக்கி என்ற ரோபோ, அறைக்குள் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு தானே வழி கண்டு போக வேண்டியிருந்தது. பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ரஃபேல் மூவரும் 1968இல் ஏ-ஸ்டார் என்ற முறையை வெளியிட்டார்கள். இதுவரை ஆன செலவோடு, இன்னும் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைவாக இருக்கும் நிலையை முதலில் பார்ப்பதுதான் அதன் சாரம். மதிப்பீடு உண்மைக்கு மேல் போகாதவரை கிடைக்கும் வழி குறுகியதாகவே இருக்கும். நம் நடைவழிக்குக் 'கதவுக்கு இன்னும் எத்தனை கட்டம்' என்பதே நல்ல மதிப்பீடு. இன்றும் விளையாட்டுகளில் எதிரிகள் நம்மைத் தேடி வரும்போது பின்னால் ஓடுவது பெரும்பாலும் இந்த முறையோ இதன் பிள்ளைகளோதான்.

அந்தப் பிள்ளைகளில் ஒன்று நம் புதிருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். 2011இல் ரோபோ ஆய்வாளர்கள் மைக் ஃபிலிப்ஸும் மாக்ஸிம் லிகாச்சேவும் நொடி நொடியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் 'ஆபத்தில்லாத கால இடைவெளி' என்று கணக்கிட்டார்கள். நம் 4ஆம் கட்டம் எப்போதுமே ஆபத்தில்லாதது, அதனால் அதற்குப் பன்னிரண்டு சதுரம் வேண்டாம், ஒன்றே போதும். நம் கட்டங்களில் 1, 2, 4, 7 நான்கும் இப்படி ஒற்றைச் சதுரமாகச் சுருங்கிவிடும்.

திரையில் நடப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே எரிவது லேசரே அல்ல. ஒரு புள்ளியிலிருந்து கோடு போட்டு, அது எதில் முட்டுகிறது என்று கணக்கிட்டு, அந்த நீளத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசுகிறார்கள். ரோபோவைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகம் இருக்கும்; கோடு செவ்வகத்தைத் தொட்டால் ரோபோ காலி. நொடிக்கு 60 முறை இந்தச் சோதனை நடந்தாலும் ஓட்டை உண்டு. நொடிக்கு 600 திரைப்புள்ளி (பிக்சல்) வேகத்தில் ஓடும் ரோபோ, ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே 10 புள்ளி தாண்டிவிடும். ரோபோவின் மையப் புள்ளியை மட்டும் சோதித்து, கற்றையின் தடிமனும் 2 புள்ளிதான் என்றால், ரோபோ அதைத் தொடாமலே அந்தப் பக்கம் போய்விட முடியும். அதனால் கவனமான நிரலாளர்கள் ரோபோ கடந்து வந்த பாதை முழுவதையும் சோதிப்பார்கள்.

உண்மையான லேசர் கற்றை பக்கவாட்டிலிருந்து இப்படிப் பளிச்சென்று தெரியாது. ஒளி நம் கண்ணுக்கு வர வேண்டுமானால் எதிலாவது பட்டுச் சிதற வேண்டும். டெங்கிக் கொசுவுக்காக லயத்து வீடுகள் பக்கம் புகை அடிக்கும் சாயங்காலத்தில் லேசர் பாயின்டரை அடித்தால் கோடு தெரியும், சுத்தமான காற்றில் சுவரில் புள்ளி மட்டும்தான். நம் வீடுகளின் ஆட்டோ கேட்டிலும் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கற்றை ஓடுகிறது. அது அகச்சிவப்பு என்பதால் புகையிலும் தெரியாது. அது யாரையும் எரிப்பதில்லை. குறுக்கே பூனையோ காரோ வந்து கற்றை அறுந்தால், மூடிக்கொண்டிருக்கும் கேட்டை நிறுத்திவிடும். நிஜ உலகில் இப்படிக் குறுக்கே ஓடும் கற்றைகளின் வேலை பெரும்பாலும் இதுதான்: அறுந்ததும் சொல்வது.

புதிரை உருவாக்குபவர் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியம். நம் அறையில் நீல லேசர் அணையும் நேரத்தை மட்டும் ஒரு நொடி தள்ளி வையுங்கள், அதாவது 2, 6, 10 என்று. ரோபோ 9ஆம் நொடியில் பச்சைக்குள் போய் 11இல் கதவைத் தொடும். இன்னும் ஒரு நொடி தள்ளினால் 8 நொடியில் வேலை முடிந்துவிடும். அவசரக்கார ரோபோகூட அதில் தப்பித்துவிடும். இன்னும் ஒன்று தள்ளினால் 17 நொடி. சுவர் ஒன்றையும் மாற்றவில்லை, படம் ஒன்றையும் புதிதாக வரையவில்லை, ஓர் எண் மட்டும் மாறியது. எனக்கு 17 நொடிப் புதிர்தான் பிடிக்கும், பிள்ளைகள் 8ஐக் கேட்பார்கள்.

ஆனால் எந்த எண்ணையும் போட்டுவிட முடியாது. பச்சையின் 3, நீலத்தின் 4 இரண்டுக்கும் 1 தவிரப் பொது வகுத்தி இல்லை, அதனால் எப்படித் தள்ளி வைத்தாலும் இரண்டு வாசலும் பொருந்தும் நொடி ஒன்று வந்தே தீரும். இது மிகப் பழைய கணக்கு; சீனத்தில் மீதித் தேற்றமாகவும், 499இல் ஆரியபட்டர் எழுதியதில் குட்டகம் என்று பின்னர் பெயர் பெற்ற முறையாகவும் இருக்கிறது. இப்போது பச்சையை இரட்டைப்படை நொடிகளில் அணையும்படியும், நீலத்தை 4, 8, 12 என்று அணையும்படியும் மாற்றிப் பாருங்கள். பச்சையிலிருந்து நீலத்துக்குப் போகும் ரோபோ எப்போதும் ஒற்றைப்படை நொடியில்தான் போய்ச் சேரும். நீலமோ ஒற்றைப்படையில் அணைவதே இல்லை. பார்வைக்கு இந்த அறை பழைய அறையைவிடச் சுலபமாகத் தெரியும், லேசர்கள் இன்னும் அடிக்கடி அணைகிற மாதிரிகூட இருக்கும். விடியவிடிய ஆடினாலும் கதவு கிடைக்காது. அகல்வாக்குத் தேடலை ஓட்டினால், 1ஆம் கட்டத்திலிருந்து போகக்கூடிய நிலைகள் எல்லாம் தீர்ந்து 7ஆம் கட்டம் குறிக்கப்படாமலே நின்றுவிடும். நான் தாளில் வரைந்து கொடுப்பதற்கு முன்னால் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அதற்காகத்தான்.