நாய் மூத்திரத்தில் ஏதய்யா மனம்?

'நாயின் சிறுநீரில் மன அழுத்த ஹார்மோன் பரிசோதனை.' இந்த வரியை இன்னொரு முறை படித்தால் எனக்கே அந்த ஹார்மோன் எகிறிவிடும். போன மாதம் அண்ணன் இதைப் படித்துவிட்டு, "வேளாவேளைக்குச் சோறு போடுறோம், இதுக்கு என்னடா மனக்கவலை?" என்று தன் நாயைக் காட்டிக் கேட்டார். அவர் மேல் தப்பில்லை.

விஷயம் கார்டிசோல் என்ற ஹார்மோன். ஆங்கிலத்தில் அதை 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்பார்கள், அதைத்தான் 'மன அழுத்த ஹார்மோன்' என்று தமிழாக்கியிருக்கிறார்கள். லத்தீனில் கார்டெக்ஸ் என்றால் மரப்பட்டை. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் பட்டையில், அதாவது புறணியில், சுரப்பதால் அந்தப் பெயர். (நாம் பேசும் புறணி வேறு.) ஸ்ட்ரெஸ்ஸுக்கு வேர், இறுக்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல். அவ்வளவுதான் சொற்கதை.

ஆனால் அந்த 'மன' எங்கிருந்து வந்தது? ஸ்ட்ரெஸ் என்ற சொல்லை மருத்துவத்தில் பரப்பிய ஹான்ஸ் செல்யே 1936இல் எழுதியது குளிரிலும் காயத்திலும் தவித்த எலிகளைப் பற்றி, அவற்றின் கவலைகளைப் பற்றி அல்ல. அண்ணன் நாய்க்கு மருத்துவர் சந்தேகப்பட்டது குஷிங் நோய்: பெரும்பாலும் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு சின்னக் கட்டி ஏவிக்கொண்டே இருக்கும், அட்ரீனல் கார்டிசோலைச் சுரந்துகொண்டே இருக்கும், நாய் சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிக்கும், வயிறு தொங்கும், முடி கொட்டும். இதில் மனம் எங்கே? சரி, பயத்திலும் கார்டிசோல் ஏறும், ஒத்துக்கொள்கிறேன். மருத்துவரின் மேசையைப் பார்த்தாலே ஏறிவிடும் என்பதால்தான் காலைச் சிறுநீரை வீட்டிலேயே பிடித்துவரச் சொல்கிறார்கள். நீர்த்த சிறுநீர் ஏமாற்றாமலிருக்க ஆய்வகத்தில் கார்டிசோல் அளவை, சிறுநீரில் வெளியேறும் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவால் வகுத்து விகிதம் பார்ப்பார்கள். விகிதம் குறைவென்றால் குஷிங் அநேகமாக இல்லை. கூடினால் மட்டும் உறுதி சொல்ல முடியாது, வேறு நோயிலும் கூடும். பல காரணங்களில் ஒன்றைப் பிடித்துப் பெயரிலேயே ஆணியடித்தால் எப்படி?

போதாக்குறைக்கு, டிப்ரஷனுக்கும் மன அழுத்தம் என்றே எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றா? 'மன'வை வெட்டி 'அழுத்த ஹார்மோன்' என்றாலும் ரத்த அழுத்தம் வந்து குறுக்கே நிற்கும். இயற்பியல் பாடநூலில் பிரஷருக்கு அழுத்தம், ஸ்ட்ரெஸ்ஸுக்குத் தகைவு என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பக்கமே போவதில்லை, முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஆனாலும் 'தகைவு ஹார்மோன்' என்றால் பொறியியல் படித்தவருக்கு இரும்புக் கம்பிதான் ஞாபகம் வரும்.

என் ஓட்டு 'நெருக்கடி'க்கு. இறுக்கும் வேர்ப்பொருளுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, உடம்புக்கும் பொருந்தும், மனசுக்கும் பொருந்தும். நெருக்கடி இயக்குநீர். ஹார்மோன் என்றே விட்டாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப உடம்புக்குள்ள ஏதோ கோளாறு, அதானே?" என்றார்.

அதேதான்.