கல்லிங்: கழிப்பா, அழிப்பா?

பறவைக் காய்ச்சல் செய்தி வந்தாலே பின்னாலேயே வரும் சொல் 'கல்லிங்'. தமிழில் 'கோழிகள் அழிப்பு' என்று எழுதுகிறோம். 'களையெடுப்பு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றில்லை.

மூலம் லத்தீன். 'கொல்லிகெரே' என்றால் திரட்டுவது, ஒன்றுசேர்ப்பது. (அதில் நம் 'கொல்' ஒலிப்பது தற்செயல்தான், வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிடாதீர்கள்.) பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது அது 'பொறுக்கியெடுப்பது' என்றானது. பூக்கொய்வதற்கும் அங்கே இதே சொல்தான். அதே லத்தீன் வேரில் கிளைத்த இன்னொரு சொல் நமக்கு நன்றாகப் பழக்கம்: கலெக்டர். கேரளத்தில் வாத்துகளுக்கு நோய் வந்தால் கல்லிங் பற்றி அறிவிப்பவரும் பெரும்பாலும் அவர்தான்.

மந்தையில் ஆகாததைப் பிரித்துத் தள்ளுவது என்ற பொருள் பிற்பாடு சேர்ந்தது. கோழிப்பண்ணைக்காரர்கள் கல்லிங் என்று சொல்வது இதைத்தான். கோழியைத் தூக்கிப் பார்ப்பார்கள். கொண்டை வெளிறிச் சுருங்கியிருக்கிறதா? இடுப்பெலும்புகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழைகிறதா? நுழையாவிட்டால் முட்டை நின்றுவிட்டது, அந்தக் கோழி கறிக்குப் போகும். இதற்குக் 'கழிப்பு' சரியான சொல். 'கழிச்சல்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது; வெள்ளைக் கழிச்சல் என்பது ராணிக்கெட் நோய், அது வேறு வைரஸ்.

பறவைக் காய்ச்சலில் பொறுக்க இடமே இல்லை. ஹாங்காங்கைப் பாருங்கள். உயிர்க்கோழியைக் கண்முன்னே அறுத்து வாங்கிப் பழகிய நகரம். எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் மனிதர்களைத் தொற்றியது முதன்முதலில் தெரியவந்தது 1997இல், அங்கேதான். 18 பேருக்கு வந்தது, 6 பேர் இறந்தார்கள். டிசம்பர் கடைசியில் ஊரிலிருந்த கோழிகள் அத்தனையையும், 13 லட்சத்துக்கும் மேல், சில நாட்களில் கொன்று முடித்தார்கள். எதற்கு நோய், எதற்கு இல்லை என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார்வைக்குத் தெரியவும் தெரியாது: வாத்து நோய்க்குறியே காட்டாமல் எச்சத்தில் வைரஸைப் போட்டுக்கொண்டிருக்கும். இங்கே 'அழிப்பு'தான் நேர்மையான சொல். களையெடுத்தால் பயிராவது மிஞ்ச வேண்டும். 'களையெடுப்பு' என்று எழுதுவது நடந்ததைப் பூசிமெழுகுவதுபோல எனக்குப் படுகிறது.

அப்புறம் அந்த நகரம் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. வாத்தைக் கோழியிடமிருந்து பிரித்தார்கள். காடையைக் கோழிக்கடையிலிருந்து விலக்கினார்கள். 2001 முதல் கோழிக்கடைகளுக்கு மாதம் ஒரு 'ஓய்வு நாள்', அன்று கூண்டுகளைக் காலிசெய்து கழுவிவிட வேண்டும். நேற்று விற்காத கோழியோடு இன்று வந்த கோழி சேர்ந்து நிற்பதால்தான் சந்தையில் வைரஸ் தங்கிவிடுகிறது. ஒரு நாள் கூண்டு காலியாகக் கிடந்தால் அந்தத் தொடர்ச்சி அறும். 2008இல் இன்னும் இறுக்கினார்கள்: இரவு எட்டு மணிக்கு மேல் கடையில் உயிர்க்கோழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. மிஞ்சியதை அதற்குள் அறுத்துவிட வேண்டும். அதைக் கழிப்பு என்றோ அழிப்பு என்றோ சொல்ல வேண்டியதில்லை. வெறும் அறுப்புதான். விடிந்தால் புதுக் கோழி வந்துவிடும்.