டிப்ரெஷன்: மனச்சோர்வும் உடம்பு உளைவும்

'கீழே' என்று பொருள்தரும் 'டே', 'அழுத்து' என்று பொருள்தரும் 'ப்ரெமெரே' என்ற இரண்டு லத்தீன் சொற்கள் சேர்ந்து வந்தது டிப்ரெஷன். ஆங்கிலத்தில் நிலத்தின் பள்ளத்துக்கும் பொருளாதாரச் சரிவுக்கும் இதே சொல்தான். கார்த்திகை, மார்கழியில் திருகோணமலை மீனவர்கள் வானொலியில் கவனமாகக் கேட்கும் 'தாழமுக்க'மும் இதே சொல்லின் தமிழ்தான். 19ஆம் நூற்றாண்டு மருத்துவத்தில் 'மெலன்கோலியா'வின் இடத்தை இது மெல்ல மெல்லப் பிடித்தது. மெலன்கோலியா என்றால் கரும்பித்தம். பழைய கிரேக்க வைத்தியர்கள் தீராத துயரத்துக்கு உடம்பில் ஊறும் பித்தமே காரணம் என்று நம்பினார்கள்.

தமிழில் மனச்சோர்வு என்பதே சரி. 'மன அழுத்தம்' என்றும் பலர் எழுதுகிறார்கள். லத்தீன் மூலத்துக்கு அது பொருந்தினாலும், ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதையே சொல்வதால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. பரீட்சைக்கு முன் வருவது அழுத்தம், முடிந்ததும் தணிந்துவிடும். இரண்டு வாரமோ அதற்கு மேலோ மனம் விழுந்து கிடப்பதும், பிடித்த எதிலும் நாட்டமற்றுப் போவதும், கூடவே தூக்கமும் பசியும் குலைவதும் மனச்சோர்வு. சோர்தல் என்றால் தளர்தல், வாடுதல். உடம்பும் சோரும், மனமும் சோரும் என்பதால் இந்தச் சொல் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் முன்னால் நிற்கும் 'மன' பலரை ஏமாற்றிவிடுகிறது. திருகோணமலையில் எந்த ஓபிடி வரிசையிலும் காது கொடுத்துக் கேளுங்கள். "நாரி நோகுது டொக்டர், தலையிடி, ராவில காலெல்லாம் உளையுது. சித்தாலேப பூசினன், பனடோலும் போட்டன், கேட்குதில்ல." மனம் சரியில்லை என்று யாரும் தொடங்குவதில்லை. காலுக்கும் 'உளையுது', மனத்துக்கும் 'உளைச்சல்' என்று பேசுகிற நாம், அங்கே காலை மட்டும் சொல்லிவிட்டு வருகிறோம்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்றிலிருந்து 1999இல் வெளியான கட்டுரையின்படி, 14 நாடுகளில் மனச்சோர்வு இருந்த 1146 பேரில் 69 வீதமானோர் வைத்தியரிடம் போனபோது உடல் உபாதைகளை மட்டுமே சொன்னார்கள்.

அந்த நோவு கற்பனை அல்ல, நடிப்பும் அல்ல. மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் வலிச் சைகைகளைத் தணிக்கின்றன. அதற்கு உதவும் செரோட்டோனின், நோரட்ரினலின் என்ற இரண்டு இரசாயனங்களுக்கும் மனநிலையிலும் பங்குண்டு. அவை குலைந்தால் சின்ன நோவும் பெரிதாகத் தைக்கும். தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். மறுபக்கமாக, மாதக்கணக்கில் தீராத நோவும் ஒருவரை மனச்சோர்வில் தள்ளும். நோவிலும் மனநிலையிலும் அந்த இரசாயனங்களுக்குப் பங்கிருப்பதால்தான் அமிட்ரிப்டிலின், டுலொக்செடின் போன்ற குளிசைகளை மனச்சோர்வுக்கும் கொடுக்கிறார்கள், நரம்பு நோவுக்கும் கொடுக்கிறார்கள். "இது மனவருத்தக்காரருக்குக் கொடுக்கிற குளிசை" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இடையில் நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் எழுதித் தந்த வைத்தியரிடமே கேளுங்கள்.

அதற்காக எல்லா நோவையும் மனத்தில் போட்டுவிடவும் கூடாது. நெஞ்சு நோவு என்றால் முதலில் ஈசிஜி. பரிசோதித்துக் காரணம் பிடிபடாமல், நோவும் தூக்கமின்மையும் தொடர்ந்தால், அடுத்த முறை மனநிலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.