சொல் நிற்கும் இடம்

பாளையங்கோட்டையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தம்பி மகள் கேட்டாள்: “பெரியப்பா, ‘ஸ்டாப்’ பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா?” அவள் நோட்டில் எட்டுக் கட்டங்கள். ஆங்கிலச் சொற்களை இனம் பிரித்து அவற்றில் எழுதி வருவது வீட்டுப்பாடம். ‘ஸ்டாப்’ மட்டும் வெளியே நின்றது.

வாக்கியம் இல்லாமல் அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. ‘வெயிட் அட் த ஸ்டாப்’ என்றால் அது பெயர். ‘பஸ்ஸஸ் ஸ்டாப் ஹியர்’ என்றால் வினை. சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. தமிழில் ‘நிறுத்தம்’, ‘நிற்கின்றன’ என்று சொல்லே தன் இனத்தைக் காட்டிவிடுகிறது. ‘படி’ போல இரண்டுமாக வருபவை நம்மிடமும் உண்டு. ஆனால் ‘படியை’, ‘படித்தான்’ என்று ஒட்டு ஏறியதும் ஐயம் தீர்ந்துவிடும்.

‘ஆடு பையனை விரட்டியது’ என்பதை ‘பையனை ஆடு விரட்டியது’ என்றும், ‘விரட்டியது ஆடு பையனை’ என்றும் மாற்றிப் பாருங்கள். ஓடியவன் பையன்தான். அவனோடு ஒட்டிய ‘ஐ’ அவனைக் கைவிடுவதில்லை. ‘த கோட் சேஸ்டு த பாய்’ என்பதில் ஆட்டையும் பையனையும் இடம் மாற்றினால் ஓடுவது ஆடு! வினைக்கு முன் நின்றால் செய்தவர், பின் நின்றால் பட்டவர்.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதன் பெயர்ச்சொற்களும் வேற்றுமை விகுதிகளை ஏற்றன. அவை தேயத் தேய, சொல்வரிசை இறுகியது. ‘ஹி’, ‘ஹிம்’ போன்ற பிரதிப்பெயர்களில் பழைய வேற்றுமையின் தடம் இன்றும் இருக்கிறது.

நம் பிள்ளைகள் அதிகம் இடறுவது முன்னிடைச்சொல்லில். ‘சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்கு’ என்று ஊருக்குப் பின்னால் நாம் ஒட்டுவதை, ஆங்கிலம் ‘ஃப்ரம்’, ‘டு’ என்று ஊருக்கு முன்னால் தனியாக நிறுத்துகிறது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியான தம் திராவிட ஒப்பிலக்கணத்தில் இந்த முன்-பின் வேறுபாட்டையும் எடுத்துக்காட்டினார். நம் மாவட்டத்து வகுப்பறைகளில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

சொல்லினங்கள் எட்டு என்ற எண்ணிக்கை கிரேக்க, லத்தீன் இலக்கண மரபு வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. தொல்காப்பியம் பெயர், வினை என்ற இரண்டை முதலில் வைத்து, இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து தோன்றும் என்கிறது. சார்ந்து நிற்பது என்ற அந்தப் பார்வை ஆங்கிலம் படிக்கவும் கைகொடுக்கும். ‘த’ என்பதற்குப் பின் பெரும்பாலும் ஒரு பெயர் வரும். இரண்டுக்கும் நடுவே ‘பிக்’, ‘ஓல்டு’ போன்ற சொல் புகுந்தால் அது பெயரடை. ‘வில்’, ‘கேன்’ ஆகியவற்றை அடுத்து வினையை எதிர்பார்க்கலாம்; நடுவில் ‘நாட்’ போல ஏதேனும் நுழைவதும் உண்டு. பொருள் தெரியாத சொல்லைக்கூட இப்படி அடையாளம் காணலாம். பட்டியலை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இது வாய்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஜங்ஷன் பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டங்களை அடித்துவிட்டு, ‘ஸ்டாப்’ வரும் இரண்டு வாக்கியங்களை எழுதினாள். வண்ணார்பேட்டை ரவுண்டானாவைச் சுற்றும்போது ‘ரவுண்ட்’ நினைவுக்கு வந்தது போலும். ‘த ஃபர்ஸ்ட் ரவுண்ட்’ பெயர். ‘எ ரவுண்ட் டேபிள்’ பெயரடை. ‘ரவுண்ட் த கார்னர்’ என்று எழுதிவிட்டு, “இது முன்னிடைச்சொல்தானே பெரியப்பா?” என்று நோட்டை என் பக்கம் திருப்பினாள்.