அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்: சுருக்கமா, அருவமா?

நிரலில் கிளாஸ் என்பது பொருள்களை உருவாக்கும் அச்சு. அதில் ஒரு வகையான அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கு, நிரல் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் ‘சுருக்க வகுப்பு’ என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆய்வுக் கட்டுரையின் தொடக்கத்தில் வருகிற அப்ஸ்ட்ராக்ட்தான் சுருக்கம். அப்ஸ்ட்ராக்ட் கிளாஸில் எதுவும் சுருங்கவில்லை.

இலத்தீனில் ‘அப்ஸ்’ என்பது அப்பால். ‘டிராஹெரே’ என்பது இழுத்தல். டிராக்டரும் இதே வேரில் பிறந்த சொல்தான். பல பொருள்களுக்குப் பொதுவான தன்மையை மட்டும் அவற்றிலிருந்து இழுத்துத் தனியே வைத்தால் அது அப்ஸ்ட்ராக்ட். தனக்கென ஒரு பொருளை உருவாக்க முடியாமல், தன் வழிவரும் கிளாஸ்கள் மூலமே பயன்படும் கிளாஸுக்கு இந்தப் பெயர் பொருந்தியது. ஜாவா என்ற நிரல்மொழியில் இது மொழியின் சொல்லாகவே உண்டு. பிஹெச்பி என்ற மொழிக்கு 2004-இல் ஐந்தாம் பதிப்போடு வந்தது.

வலைத்தளம் கட்ட உதவும் ஆயத்தச் சட்டகங்களான வெப் ஃபிரேம்வொர்க்குகளில் இந்தச் சொல்லின் பொருள் சற்றே நகர்கிறது. ரூபி மொழியின் ரெயில்ஸில் ஆக்டிவ் ரெக்கார்டும், பைத்தான் மொழியின் ஜாங்கோவில் மாடல்களும் கிளாஸ்களைத் தரவுத்தள டேபிள்களோடு இணைப்பவை. இவற்றில் அப்ஸ்ட்ராக்ட் என்றால் ‘தனக்கென டேபிள் இல்லாதது’. பெயர் மட்டும் இருந்து உள்ளடக்கம் எழுதப்படாத மெத்தட் (கிளாஸின் செயல்) ஒன்றுகூட அதில் இருக்க வேண்டியதில்லை. ஆகவே மொழி கேட்கும் கேள்வியும் ஃபிரேம்வொர்க் கேட்கும் கேள்வியும் வேறு வேறு. கிளாஸ்களை ஆராய உதவும் பைத்தானின் இன்ஸ்பெக்ட் மாட்யூலிடம் ஓர் அப்ஸ்ட்ராக்ட் ஜாங்கோ மாடலைக் காட்டி, இது அப்ஸ்ட்ராக்டா என்று கேட்டால் ‘இல்லை’ என்றே சொல்லும். விடை அந்த மாடலின் அமைப்புக் குறிப்புகளைக் கொண்ட மெட்டாவில் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தத் தன்மை வாரிசுக்குப் போவதில்லை. பெற்றோரின் மெட்டாவை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்குக்கூட ஜாங்கோ அப்ஸ்ட்ராக்டைப் பொய் என மாற்றிவைக்கிறது. ரெயில்ஸும் அந்த கிளாஸிலேயே குறித்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இந்தத் தன்மை வாரிசுக்கும் போனால் பிள்ளைகளுக்கும் டேபிள் கிடைக்காது. பொதுவானதைத் தனியே வைத்ததன் பயனே போய்விடும்.

தமிழில் ‘அருவ வகுப்பு’ என்பதே சரி. அருவம் என்றால் உருவமில்லாதது. சைவ சித்தாந்தம் உருவம், அருவம், அருவுருவம் என மூன்று நிலை சொல்லும். மெத்தட்களின் பெயர் மட்டுமே கொண்ட இன்டர்ஃபேஸ் அருவம் என்றால், சில மெத்தட்கள் எழுதப்பட்டும் சில எழுதப்படாமலும் நிற்கும் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் உண்மையில் அருவுருவம். நுட்பமாகப் பிரிக்க வேண்டிய இடத்தில் அதையே எழுதலாம். நாள்தோறும் புழங்க ‘அருவ வகுப்பு’ போதும்.

ரெயில்ஸில் இதைச் சரிபார்க்கும் மெத்தடின் பெயர் கேள்விக்குறியோடு முடியும். தமிழில் அந்தக் குறியின் வேலையை ஆகார விகுதியே செய்துவிடுகிறது: அருவமா?