சட்டையைத் தூக்கிப் பாருங்கள்

ஒரு மழைக்காலக் காலையில் நான்கு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு அவன் அப்பா டோக்கனுக்குக்கூட நிற்காமல் உள்ளே ஓடிவந்தார். 103 டிகிரி காய்ச்சல். பையனோ என் மேஜையிலிருந்த டார்ச்சை எடுத்து விளையாட ஆரம்பித்துவிட்டான். வெளியே ஏழு மாதக் குழந்தையோடு ஒரு அம்மா அமைதியாகக் காத்திருந்தார். "வெறும் சளிதான் டாக்டர், உடம்புகூடச் சுடல" என்றார். குழந்தையின் சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. நிமிடத்துக்கு 66 மூச்சு. உடனே ஆக்ஸிஜன் வைத்தோம்.

தெர்மாமீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் கதை வேறு. 100.4 டிகிரி வந்தாலே, நள்ளிரவானாலும் கிளம்பிவிட வேண்டும்.

மூச்சை எண்ணுவது எளிது. குழந்தை தூங்கும்போதோ அழாமல் இருக்கும்போதோ வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம், பச்சைக் குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே டாக்டரிடம் வந்துவிடுங்கள். நெஞ்சில் குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம்.

வயிற்றுப்போக்கில் உச்சிக்குழி உள்ளே போயிருப்பதைப் பாட்டிகள் சரியாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம் அது. ஆனால் அதற்கு எண்ணெய் வைத்து, தொக்கம் எடுக்க அலைவதில் ஒரு பகல் போய்விடுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, பால் குடிக்கவில்லை, எழுப்பினாலும் துவண்டு விழுகிறது என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

டெங்கு நேரத்தில் இன்னொன்று. காய்ச்சல் விட்டதும் 'அப்பாடா' என்று இருந்துவிடாதீர்கள். ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். விடாத வாந்தி, வயிற்றுவலி, சில்லிட்ட கைகால், ஈறில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

அந்தக் குழந்தைக்கு ஒன்றரை வயதில் மறுபடி சளி பிடித்தது. அம்மா காலையில்தான் அழைத்து வந்தார். "ராத்திரி தூங்கும்போது ரெண்டு தடவை எண்ணினேன் டாக்டர், 32தான். குழியும் விழல. அதான் விடியட்டும்னு இருந்தேன்."